நேரில் கூடுவதா, திரையில் கூடுவதா? பூமிக்கு எது பாரம்?

காலை ஐந்து மணிக்கே கோலாலம்பூரில் வீட்டை விட்டுப் புறப்படுகிறார் ஒரு நிறுவன அதிகாரி. சிப்பாங் விமான நிலையத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு விமானம். பத்து மணிக்குத் தொடங்கும் கூட்டம் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. மாலை விமானத்தில் திரும்பி வீட்டுப் படியேறும்போது இரவு ஒன்பது மணி. இரண்டு மணி நேரப் பேச்சுக்குப் பதினாறு மணி நேர அலைச்சல்.

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது இந்த அலைச்சல் ஒரே நாளில் நின்றது. அதே அதிகாரி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து அதே கூட்டத்தில் கலந்துகொண்டார். எல்லைகள் திறந்த பின்னர் பழைய பயணங்கள் மெல்ல மெல்லத் திரும்பின. திரைவழிக் கூட்டமும் போய்விடவில்லை. இன்று நிறுவனமானாலும் சரி, ஆலய நிர்வாகமானாலும் சரி, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமானாலும் சரி, கூட்டம் என்றதும் முதலில் எழும் கேள்வி, "நேரிலா, ஸூமிலா?" என்பதுதான்.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் செலவையும் வசதியையும் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச்சு வந்தால் அங்கே இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. "திரைவழிக் கூட்டத்தில் புகையே கிடையாது, அதுதான் பசுமை" என்பது ஒரு கட்சி. "இணையம் என்ன காற்றிலா ஓடுகிறது? தரவு மையங்கள் மின்சாரத்தையும் தண்ணீரையும் விழுங்குகின்றனவே" என்பது மறு கட்சி. கேட்டுக்கொண்டிருப்பவர் குழம்பிப் போகிறார். இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு உண்மைகளின் எடையும் ஒன்றல்ல. தராசில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது?

ஒரு கூட்டம் ஐந்து வழிகளில் சுற்றுச்சூழலைப் பாதிக்கிறது. முதலாவது, வருபவர்களின் பயணம். இரண்டாவது, வெளியூர்க்காரர்கள் தங்கும் ஹோட்டல். அதன் குளிர்சாதனம், வெந்நீர், நாள்தோறும் துவைக்கும் விரிப்புகள். மூன்றாவது, கூட்டம் நடக்கும் மண்டபத்தின் விளக்கும் குளிர்சாதனமும். நான்காவது உணவு, போத்தல் தண்ணீர், அச்சடித்த கோப்புகள், நினைவுப் பைகள். ஐந்தாவது, கணினிகளும் அவற்றை இணைக்கும் இணையமும். நேரடிக் கூட்டத்தில் இந்த ஐந்தும் உண்டு. திரைவழிக் கூட்டத்தில் பெரும்பாலும் ஐந்தாவது மட்டுமே.

இவற்றில் கண்ணுக்குத் தெரிவது நான்காவதுதான். ஆகவேதான் "பசுமை மாநாடு" என்று அறிவிப்பவர்கள் முதலில் பிளாஸ்டிக் போத்தலை நிறுத்துகிறார்கள், துணிப்பை கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் துணிப்பையை வாங்கிக்கொள்ள ஒருவர் பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்திருந்தால், அந்த விமானப் புகை எந்தப் பையிலும் அடங்காது. அது கண்ணுக்கும் தெரியாது.

பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் முதன்மையானது கரியமில வாயு. எந்தச் செயலால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பதைக் கிலோவிலும் டன்னிலும் சொல்வது வழக்கம். மற்ற வாயுக்களையும் அதற்கு ஈடாக மாற்றிச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த அளவுகோலைக் கொண்டே மேலே செல்லலாம்.

பெரிய மாநாடுகள் காட்டும் கணக்கு

அமெரிக்கப் புவி இயற்பியல் சங்கம் ஆண்டுதோறும் பெரிய மாநாடு ஒன்றை நடத்துகிறது. 2019 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டுக்கு ஏறத்தாழ 28,000 பேர் வந்தார்கள். பருவநிலையை ஆராயும் விஞ்ஞானிகளே அவர்களில் பலர். அவர்கள் போகவர மொத்தம் 28 கோடியே 50 லட்சம் கிலோமீட்டர் பயணம் செய்ததாக 2020-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. வெளியேறிய வாயு சுமார் 80,000 டன். தலைக்கு ஏறத்தாழ மூன்று டன்.

அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால் மொத்தப் பாதிப்பில் 75 விழுக்காடு அவர்களால் உண்டானது. அதாவது ஒரு மாநாட்டின் சுமையை முடிவு செய்வது எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்கள் என்பதே. அந்தத் தொலைதூரக்காரர்கள் மட்டும் திரைவழி கலந்துகொண்டால் முக்கால் பங்கு பாதிப்பு குறைந்துவிடும் என்று ஆய்வு காட்டியது. மற்றவர்கள் வழக்கம்போல் நேரில் கூடலாம்.

ஐரோப்பிய வானியல் சங்கத்தின் கதை இதைவிடத் தெளிவானது. அதன் 2019-ஆம் ஆண்டு மாநாடு பிரான்சின் லியோன் நகரில் நேரில் நடந்தது. வெளியேறியது 1,855 டன். அடுத்த ஆண்டு கொவிட்-19 காரணமாக முழு மாநாடும் இணையவழி நடந்தது. வெளியேறியது 582 கிலோ. டன் அல்ல, கிலோ. ஏறத்தாழ 3,000 மடங்கு வித்தியாசம். இணையவழி மாநாட்டில் கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கையோ முந்தைய ஆண்டைவிட அதிகம்.

கணினி தயாரிப்பு, உணவு, தங்குமிடம் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டது அது. நேரடி மாநாட்டைத் திரைக்கு மாற்றினால் கரிம வெளியேற்றம் 94 விழுக்காடு குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். பாதிப் பேருக்குமேல் நேரில் வந்து, மற்றவர்கள் திரையில் சேரும் கலப்பு முறையிலும், இடங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு குறையும் என்றார்கள்.

திரைக்குப் பின்னால் என்ன எரிகிறது?

இனி மறு கட்சியின் வாதத்துக்கு வருவோம். திரைவழிக் கூட்டம் சுத்தமான சொக்கத்தங்கம் அல்ல என்பது உண்மை. பேசுபவரின் முகம் ஒரு மடிக்கணினியிலிருந்து கிளம்பி, வீட்டு மோடம், சாலையோரக் கண்ணாடி இழை, கடலடிக் கம்பிவடம், எங்கோ ஒரு தரவு மையம் என்று சுற்றிக்கொண்டுதான் அடுத்தவர் திரைக்கு வருகிறது. வழியெங்கும் மின்சாரம் செலவாகிறது. தரவு மையத்தின் இயந்திரங்களைக் குளிர்விக்கத் தண்ணீரும் தேவைப்படுகிறது.

அமெரிக்காவின் பர்டியூ, யேல், எம்.ஐ.டி. ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரக் காணொளிப் பேச்சு அல்லது காணொளி ஒளிபரப்பு 150 கிராம் முதல் ஒரு கிலோ வரை கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. 2 முதல் 12 லிட்டர் தண்ணீரைச் செலவாக்குகிறது என்பது அவர்கள் முடிவு. கேமராவை அணைத்துவிட்டால் 96 விழுக்காடு குறையும் என்றும் சொன்னார்கள். உலகெங்கும் செய்தித்தாள்களில் இது தலைப்புச் செய்தியானது.

அனைத்துலக எரிசக்தி அமைப்பின் கணக்கோ வேறு. 2019-இல் ஒரு மணி நேரக் காணொளி பார்க்க உலகச் சராசரியாக 36 கிராம்தான் ஆனது என்று அது மதிப்பிட்டது. ஏன் இத்தனை வித்தியாசம்? ஒரு காரணம், இணையக் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு சிக்கனமாகி வருகின்றன. பழைய புள்ளிவிவரத்தை எடுத்தால் தொகை உயர்ந்துவிடும். இன்னொரு காரணம், இணையக் கருவிகள் யார் பேசினாலும் பேசாவிட்டாலும் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பவை. நாற்பது பேர் போகும் பேருந்திலிருந்து ஒருவர் இறங்கிவிட்டால் டீசல் செலவில் நாற்பதில் ஒரு பங்கு குறைந்துவிடாது அல்லவா? அதுபோலத்தான் கேமராவை அணைப்பதும். பயன் உண்டு. ஆனால் காகிதத்தில் தெரியும் அளவுக்கு இல்லை.

தரவு மையங்களைப் பற்றிய கவலை நியாயமானது. 2024-இல் உலகின் தரவு மையங்கள் ஏறத்தாழ 415 பில்லியன் யூனிட் மின்சாரம் எடுத்துக்கொண்டதாக அனைத்துலக எரிசக்தி அமைப்பு மதிப்பிட்டுள்ளது. உலக மின்பயன்பாட்டில் இது சுமார் 1.5 விழுக்காடு. சிங்கப்பூரில் 2020-இல் மொத்த மின்பயன்பாட்டில் சுமார் 7 விழுக்காடு தரவு மையங்களுக்குப் போனது. அதனால்தான் அந்நாடு 2019-இல் புதிய மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. 2022-இல் கடுமையான நிபந்தனைகளோடு மீண்டும் தொடங்கியது. நெருக்கடியின் ஒரு பகுதி பாலம் கடந்து ஜொகூருக்கு வந்தது. கூலாய், செடெனாக் வட்டாரங்களில் தரவு மையங்கள் வரிசையாக எழும்புகின்றன. மாநிலத்தின் தண்ணீரும் மின்சாரமும் போதுமா என்ற கேள்வியும் கூடவே எழுந்துள்ளது.

ஆனால் இந்தப் பழியைக் கூட்டங்களின் தலையில் மட்டும் சுமத்த முடியாது. திரைப்படம், பாடல், வங்கிக் கணக்கு, புகைப்படச் சேமிப்பு, செயற்கை நுண்ணறிவு என எல்லாமே அந்தக் கட்டடங்களில்தான் ஓடுகின்றன.

கோலாலம்பூர் - சிங்கப்பூர்: ஒரு கூட்டத்தின் கணக்கு

வெளிநாட்டுப் புள்ளிவிவரம் இருக்கட்டும். தொடக்கத்தில் சொன்ன அதிகாரியின் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். துல்லியமான கணக்கல்ல, கையிருப்புக் கணக்கு.

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழி சுமார் 300 கிலோமீட்டர். போகவர 600. குறுந்தூர விமானங்கள் புறப்படவும் மேலேறவுமே பெருமளவு எரிபொருளைச் செலவிட்டுவிடும். ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 150 கிராம் என்று கொண்டால், போகவர 90 கிலோ. விமான நிலையத்துக்கான டாக்சி தனி.

சரி, விமானம் வேண்டாம், காரில் போகலாம் என்கிறார் அவர். சாலை வழி போகவர 700 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் பெட்ரோல் என்றால் 56 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. மொத்தம் ஏறத்தாழ 130 கிலோ. தனியாக ஓட்டிச் சென்றால் விமானத்தைவிட மோசம்! அதே காரில் நால்வர் போனால் தலைக்கு 32 கிலோ. விரைவுப் பேருந்தில் இருபத்தைந்து பேர் போனால் தலைக்கு இருபது, இருபத்தைந்து கிலோவுக்குள் அடங்கிவிடும்.

இனி திரை. இரண்டு மணி நேரக் காணொளி. பர்டியூ ஆய்வின் உச்ச அளவையே எடுத்துக்கொள்வோம்: இரண்டு கிலோ. அறையில் குளிர்சாதனம் ஓடினால் இன்னும் ஒரு கிலோ. ஆக மூன்று கிலோ. குறைந்த அளவை எடுத்தால் ஒரு கிலோ சொச்சம்தான். விமானப் பயணத்தோடு ஒப்பிட்டால் நூற்றில் மூன்று பங்கு. திரைவழிக் கூட்டம் நேரடிக் கூட்டத்தின் மின்சக்தியிலும் கரிமத்திலும் அதிகபட்சம் 7 விழுக்காடுதான் எடுத்துக்கொள்ளும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட முடிவுக்கு இது பொருந்தியே வருகிறது.

இரு கட்சி வாதத்துக்கும் இங்கே தீர்ப்பு கிடைத்துவிடுகிறது. இணையத்துக்கும் செலவு உண்டு என்பது உண்மை. அந்தச் செலவை எவ்வளவு கூட்டிப் போட்டாலும் விமானத்தின் பக்கத்தில் வராது என்பது அதைவிடப் பெரிய உண்மை.

பக்கத்துத் தாமான் கூட்டம் என்றால்?

அப்படியானால் எல்லாக் கூட்டத்தையும் திரைக்கு மாற்றிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். தூரம் குறையும்போது கணக்கு மாறுகிறது.

ஆலய நிர்வாகக் கூட்டம் ஒன்று. பத்து உறுப்பினர்கள். ஒவ்வொருவர் வீடும் பத்து கிலோமீட்டருக்குள். ஒவ்வொருவரும் தனித்தனி காரில் வந்தால் போகவர 20 கிலோமீட்டர், நகரச் சாலை நெரிசலில் 2 லிட்டர் பெட்ரோல், தலைக்கு 4.6 கிலோ. அதே உறுப்பினர் மோட்டார் சைக்கிளில் வந்தால் அரை லிட்டரும் ஆகாது. ஏறத்தாழ ஒரு கிலோ. நால்வர் ஒரு காரில் வந்தாலும் அதே ஒரு கிலோ சொச்சம்தான்.

இப்போது அதே பத்துப் பேரும் வீட்டிலிருந்து திரையில் கூடுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு ஏர்கோன் இல்லாமல் இரண்டு மணி நேரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யார் உட்காருவார்கள்? ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் மணிக்கு முக்கால் யூனிட் எடுக்கும். தீபகற்ப மலேசியாவில் நிலக்கரி இன்னும் பெருமளவில் எரிக்கப்படுவதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிலோவுக்கும் மேல். பத்து வீட்டில் பத்து ஏர்கோன்! மடிக்கணினிக்கும் இணையத்துக்கும் ஆகும் மின்சாரம் இதன் முன் கொஞ்சம்தான்.

ஆக, மோட்டார் சைக்கிளிலும் ரயிலிலும் கார் பகிர்ந்தும் வந்து, காற்றோட்டமான ஆலய மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழ் உட்கார்ந்து பேசினால், அது திரைவழிக் கூட்டத்துக்குச் சமம். சில வேளைகளில் அதைவிட மேல். சிங்கப்பூரில் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அங்கே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோதான். வீட்டுக் குளிர்சாதனத்தின் பாதிப்பு அந்த அளவுக்குக் குறைவு. ஆனால் அங்கே எம்.ஆர்.டி. ரயிலில் வந்துபோவதும் எளிது என்பதால், உள்ளூர்க் கூட்டத்தை நேரில் வைப்பதைச் சுற்றுச்சூழல் பெயரால் தடுக்க வேண்டியதில்லை.

தமிழ் மாநாடுகளும் இந்தக் கணக்கில் உண்டு

உலகத் தமிழாராய்ச்சி மாநாடு முதன்முதலாக 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. தனிநாயகம் அடிகளாரின் முயற்சி அது. கடிதம் போய்ச் சேரவே வாரங்கள் பிடித்த காலத்தில், அறிஞர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமென்றால் ஓரிடத்தில் கூடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கூடுகை தமிழ் ஆய்வின் போக்கையே மாற்றியது. அதன்பிறகும் 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் இந்த மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

இன்று அப்படியொரு மாநாடு கூடினால் அதன் பயணக் கணக்கு எப்படி இருக்கும்? நீண்டதூர விமானத்தில் ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 90 கிராம் என்று கொள்ளலாம். சென்னையிலிருந்து கோலாலம்பூர் போகவர 5,200 கிலோமீட்டர். தலைக்கு அரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. இலண்டனிலிருந்து போகவர 21,000 கிலோமீட்டருக்கு மேல், தலைக்கு 1.9 டன். டொரொண்டோவிலிருந்து ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர்; 2.7 டன்.

சென்னையிலிருந்து 200 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் சுமார் 94 டன். இலண்டனிலிருந்து 20 பேர், டொரொண்டோவிலிருந்து 20 பேர் வந்தால் அந்த 40 பேருக்கு மட்டும் சுமார் 92 டன். இருநூறு பேரும் நாற்பது பேரும் சமம்! சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் கண்ட அதே உண்மை இங்கும் நிற்கிறது. அந்த நாற்பது பேர் சொகுசு வகுப்பில் வந்தால் இன்னும் கூடும். வணிக வகுப்புப் பயணியின் பங்கு சாதாரண வகுப்புப் பயணியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று உலக வங்கியின் 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. பெரிய இருக்கை கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதே காரணம்.

இதற்காக இலண்டன் தமிழர்களும் கனடாத் தமிழர்களும் வரக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லாரும் ஒரே ஊரில்தான் கூட வேண்டுமா? கோலாலம்பூரில் ஒரு கூட்டம், சென்னையில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று, டொரொண்டோவில் ஒன்று. நான்கு மண்டபங்களையும் திரை இணைக்கட்டும். வட்டாரத்தில் இருப்பவர்கள் நேரில் கூடிக் கைகுலுக்கட்டும். கடல் கடந்தவர்களோடு திரையில் பேசட்டும். இது வெறும் கற்பனை அல்ல. தமிழ் இணைய மாநாடுகளை நடத்திவரும் உத்தமம் அமைப்பு, கொவிட் காலத்தில் 2020-ஆம் ஆண்டு மாநாட்டை இணையவழியே நடத்திக் காட்டியது.

நியாயமும் இதில் அடங்கியிருக்கிறது. விமானச் சீட்டு வாங்க வசதியில்லாத இளம் ஆசிரியர், விசா கிடைக்காத ஆய்வு மாணவர், கைக்குழந்தையை விட்டு வர முடியாத தாய், சக்கர நாற்காலியில் இருக்கும் முதியவர் ஆகியோருக்கு நேரடி மாநாட்டின் கதவு எப்போதுமே பாதி மூடிய கதவுதான். 2018-இல் உலக மக்களில் 11 விழுக்காட்டினர் மட்டுமே விமானத்தில் பயணம் செய்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மீதிப் பேர் அந்தப் புகையில் பங்கு வகிக்கவில்லை. ஆனால் சூடாகும் பூமியின் வெள்ளமும் வறட்சியும் அவர்கள் வாசலுக்கும் வருகின்றன.

திரை கொடுக்காதவை

கரிமக் கணக்கு ஒரு பக்கம் இருக்க, மனிதக் கணக்கும் ஒன்று உண்டு. நேரில் கூடும்போது முக்கியமான பேச்சு பல நேரம் மேடையில் நடப்பதில்லை. தேநீர் இடைவேளையில், சாப்பாட்டு வரிசையில், கார் நிறுத்துமிடத்தில் நடக்கிறது. முதன்முறை சந்திக்கும் இருவருக்கு இடையே நம்பிக்கை வளர்வதும் அங்கேதான். திரையில் கூட்டம் முடிந்த நொடியே எல்லாரும் மறைந்துவிடுகிறார்கள்.

2022-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. இருவர் இருவராகச் சேர்ந்து புதிய யோசனைகள் சொல்ல வேண்டும். நேரில் உட்கார்ந்தவர்கள் திரைவழி பேசியவர்களைவிட அதிக யோசனைகள் சொன்னார்கள். திரையில் பேசுபவரின் பார்வை அந்தச் சிறு கட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. மனமும் சேர்ந்து குறுகிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆனால் சொன்ன யோசனைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில் திரைவழி பேசியவர்கள் சற்றும் பின்தங்கவில்லை. இது பயனுள்ள பாடம். புதிதாக எதையாவது தொடங்கவும், பிணக்கைத் தீர்க்கவும், அறிமுகமாகவும் நேரில் கூடலாம். அறிக்கை வாசிக்கவும், கணக்குக் காட்டவும், முடிவெடுக்கவும் திரை போதும்.

பருவநிலைப் பேச்சுவார்த்தையே இதற்கு உதாரணம். 2021 மே, ஜூன் மாதங்களில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பருவநிலைப் பேச்சுகள் மூன்று வாரம் இணையவழி நடந்தன. நேர வித்தியாசத்தால் சிலர் நள்ளிரவில் பேச வேண்டியிருந்தது. சில நாடுகளுக்கு இணைய இணைப்பு கைகொடுக்கவில்லை. முறையான முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோவில் நேரடி மாநாடு கூடியது. அதனால் ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் கரிம வாயு வெளியேறியதாக மதிப்பிடப்பட்டது. பெரும்பகுதி விமானப் பயணத்தால். கடல் மட்டம் உயர்ந்தால் மூழ்கிப்போகும் சின்னஞ்சிறு தீவு நாட்டின் பிரதிநிதிக்கு, வல்லரசின் பிரதிநிதியை நேருக்கு நேர் பார்த்துக் கேட்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கிறது. அந்தப் பயணத்தை வீண் என்று சொல்ல முடியுமா? ஆனால் அவரோடு கூடவே பறந்து வந்த பார்வையாளர்களும் விளம்பரதாரர்களும் அனைவரும் வந்துதான் ஆக வேண்டுமா என்று கேட்கலாம். 2023-இல் துபாய் மாநாட்டில் 80,000 பேருக்கும் மேல் கலந்துகொண்டார்கள்.

திரைக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எளிதாகக் கூடலாம் என்பதால் அடிக்கடி கூடுகிறார்கள். மாதம் ஒரு கூட்டம் வாரம் மூன்றாகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய கேமரா, புதிய கணினி என்று வாங்கத் தொடங்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துவிடும். ஒரு மடிக்கணினியைத் தயாரிக்கும்போதே இருநூறு, முந்நூறு கிலோ அளவுக்குக் கரிம வாயு வெளியேறிவிடுகிறது. இருக்கும் கணினியை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவது, ஆயிரம் முறை கேமராவை அணைப்பதைவிட மேலான தொண்டு.

கூட்டம் கூட்டுமுன் மூன்று கேள்விகள்

ஆகவே, "நேரிலா, திரையிலா?" என்று ஒரே கேள்வியைக் கேட்பதைவிட, கூட்டம் கூட்டும் செயலாளர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் கேள்வி: வருபவர்களில் அதிக தூரத்திலிருந்து வருபவர் யார்? விமானம் ஏற வேண்டியவர் யாராவது இருந்தால் அவருக்குத் திரையில் இடம் கொடுங்கள். அந்த ஓர் இடம் மற்ற எல்லாச் சிக்கனத்தையும்விடப் பெரிது. அவர் வந்தே ஆக வேண்டுமென்றால் ஆண்டுக்கு நான்கு முறை வருவதை ஒருமுறையாக்கி, அந்த ஒரு பயணத்தில் நான்கு வேலைகளை முடிக்கட்டும்.

இரண்டாவது கேள்வி: மற்றவர்கள் எப்படி வருகிறார்கள்? அருகில் இருப்பவர்கள் கார் பகிர்ந்தும் ரயிலேறியும் வந்தால் நேரில் கூடுவதில் குற்றமில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மண்டபம் பிடிப்பதும், காலை நேரத்தில் சன்னலைத் திறந்து வைத்துப் பேசுவதும் செலவில்லாத பசுமை.

மூன்றாவது கேள்வி: இந்தக் கூட்டம் எதற்கு? அறிக்கை வாசிக்க என்றால் திரை. அறிமுகம், பிணக்கு, புதுமுயற்சி என்றால் நேர். எதற்கென்றே தெரியாவிட்டால் ஒரு மின்னஞ்சலே போதும். அதைவிடப் பசுமையான கூட்டம் வேறில்லை.

தொடக்கத்தில் பார்த்த அதிகாரி சிங்கப்பூருக்கு மாதம் ஒருமுறை பறக்கிறார் என்றால், ஆண்டுக்குப் பன்னிரண்டு பயணம். ஒரு டன்னுக்கும் மேல். ஆண்டுக்கு இரண்டு முறை நேரில் போய், பத்து முறை திரையில் பேசினால் அதில் ஐந்தில் நான்கு பங்கு மிச்சம். அந்தப் பத்து நாட்களிலும் காலை ஐந்து மணிக்கு அவர் புறப்பட வேண்டியதில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பசியாறிவிட்டு, அவர்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறக்கலாம். பூமிக்கு நல்லது அவர் வீட்டுக்கும் நல்லதாக அமைவது அபூர்வம். அமையும் இடத்தில் அதை விட்டுவிடக் கூடாது.